நாறினால்தான் நம்புவோம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முட்டிவலி, மூச்சுப்பிடிப்பு என்று கதவைத் தட்டியவர்களிடம், தான் அந்த டாக்டர் இல்லை, படித்தது எரிவாயு என்று ஆரம்பத்தில் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். பலன் இருந்தது. அதற்குப் பிறகு வயிற்றில் வாயுத் தொல்லை இருப்பவர்கள் மட்டும் வந்தார்கள். கடைசியில் அவரும் அலுத்துப்போய், வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பிவிடுவார். குணமாகிவிட்டது என்று இரண்டாம் மாடியில் ஒருவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கட்டடத்தின் பின்பக்கம், மதில் ஓரமாக, டாக்டரம்மாவின் தொட்டி இருந்தது. காய்கறித் தோலையும் மிச்சம் மீதியையும் தின்று எரிவாயு கக்கும் தொட்டி. அந்த இடத்தில் மூன்று கார் நிறுத்தலாம் என்பதைக் குடியிருப்போர் சங்கம் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு யாருக்கும் தூக்கம் வரவில்லை. தொட்டி இருக்கட்டுமா, கார் நிற்கட்டுமா என்பதை ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு முடிவு செய்யும் என்று லிஃப்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள்.

மற்றவர்களுக்கு அது கார் சமாசாரம். டாக்டரம்மாவுக்கு அது வாழ்க்கைச் சமாசாரம். முப்பது வருஷத்துக்கு மேல் சுத்தமான எரிசக்தி, சுத்தமான காற்று, மக்கள் பங்கேற்பு என்று மூன்று இடங்களில் சம்பளம் வாங்கியாயிற்று. அவர் கைப்பட உண்டாக்கி, உருப்படியாக ஓடிக்கொண்டிருப்பது உலகத்தில் இந்த ஒரு தொட்டிதான். இதுவும் போய்விட்டால் மிஞ்சுவது பென்ஷன் மட்டும்.

அவர் இளம் வயதில் முதலில் சேர்ந்தது ஓர் எரிசக்தி ஆராய்ச்சி நிலையம். ஆய்வுக்கூடக் கேன்டீன் கழிவிலிருந்து அடுப்பு எரிய வைப்பது அவருடைய வேலை. அதைச் செய்வது உண்மையில் அவர் இல்லை, பாக்டீரியா. அதற்கு அவசரம் தெரியாது, குளிர்காலத்தில் சோம்பல் வேறு. அந்தக் குளிர்காலத்தில்தான் அமைச்சர் வந்து அடுப்பைப் பற்றவைப்பதாக நாள் குறித்துவிட்டார்கள். நிலையத்தின் இயக்குநருக்கு, தலையில் ஒரு முடிகூட இல்லாத காரணத்தால், மைதானம் என்று இளைஞர்கள் பெயர் வைத்திருந்தார்கள்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார், கேஸ் வந்துடும்."

"அமைச்சர் நாளைக்கு வர்றாரும்மா. உன் பாக்டீரியாவுக்கு யாரும் தகவல் சொல்லலியா?" என்றார் மைதானம்.

மறுநாள் காலை மேஜைமேல் நீலத் துணி விரித்திருந்தார்கள். துணி தரையைத் தொட்டது. உள்ளே கடையில் வாங்கிய சிலிண்டர் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அமைச்சர் தீக்குச்சி கிழித்தார், அடுப்பு நீல நிறத்தில் ஜம்மென்று எரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். பத்திரிகையில் வந்த படத்தில் அமைச்சருக்குப் பக்கத்தில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டு நிற்கிறார். சிரிக்காமல் இருக்கவும் தெரியவில்லை, வாயைத் திறக்கவும் தைரியம் வரவில்லை. அடுத்த வாரமே கேன்டீன் கழிவுத் தொட்டியில் நிஜமான கேஸ் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். திட்டம் மாபெரும் வெற்றி என்று மேலிடம் முடிவு செய்திருந்தது. வெற்றி பெற்ற திட்டத்துக்கு மேற்கொண்டு எதற்குப் பணம் என்று நிதியை நிறுத்திவிட்டது.

வெறுத்துப்போய் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் சேர்ந்தார். ஆலைப் புகைபோக்கிகளில் ஏறி, வெளியே வரும் காற்றை அளக்க வேண்டும். ஏணி ஏற அவர் பயப்படவில்லை, கருவியும் நல்ல கருவி. ஆனால் அளக்க வருகிறோம் என்று ஆலைக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது விதி. எந்த ஆலைக்குப் போனாலும் அன்றைக்கு அங்கே பராமரிப்பு நாள். உலை அணைந்திருக்கும், வாசலில் கோலாகலமாக வரவேற்பு இருக்கும், புகைபோக்கிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள். ஒரு முறை அவர் உள்ளங்கை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. அளந்த நேரத்தில் புகை இல்லை என்று உள்ளதை உள்ளபடி எழுதினார். அதைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலை அலுவலகத்தில் மாட்டியிருந்தார்கள். பொறுக்கமாட்டாமல் ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல் போய் அளந்தார். கருவியின் முள் எகிறிக்கொண்டு கடைசிக் கோட்டில் போய் நின்றது. முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்த அளவு செல்லாது என்று மேலதிகாரி அதைத் தள்ளுபடி செய்து, அவரை மக்கள் பங்கேற்புப் பிரிவுக்கு மாற்றினார்.

மக்கள் பங்கேற்புப் பிரிவு என்பது மக்களிடம் கருத்துக் கேட்கும் இடம். ஒரு சாலையோரத்து மரங்களை வெட்டலாமா என்று கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். கூட்டம் நடக்க வேண்டிய இடத்துக்குப் போனால், மரங்களை வெட்டி முடித்திருந்தார்கள். நிழல் இல்லாததால் பந்தல் போட வேண்டியிருந்தது. பந்தல் செலவுக்கு அனுமதி வாங்கத்தான் அவருக்கு அந்த மாதம் சரியாக இருந்தது. இப்படியே நரைத்து, மாலையும் மரியாதையுமாக ஓய்வும் பெற்றார்.

இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்லிச் சிரிப்பார். அவருடைய கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டார். இந்தக் கதைகளில் அவருக்கு ரொம்பப் பிடித்தது மைதானத்தின் சிலிண்டர் கதைதான். விருந்தாளிகள் வந்தால், "அந்த நீலத் துணியைச் சொல்லேன்" என்று எடுத்துக்கொடுப்பார். டாக்டரம்மா சொல்லுவார், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு மனைவியின் முகம் கொஞ்சநேரம் வாடிப்போய் இருப்பதையும் அவர் கவனித்திருந்தார். அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தில் அனுமதி வாங்கி, பின்பக்கம் தொட்டியை வைத்தார். பெரிய கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி, அதற்குள் கவிழ்த்துப் போட்ட இன்னொன்று. கேஸ் சேரச் சேரக் கவிழ்த்த தொட்டி மேலே எழும்பும். வீடுவீடாகப் போய், காய்கறித் தோலைத் தனியாகப் போடுங்கள் என்று ஆளுக்கொரு வாளி கொடுத்தார். வாளியில் தோலும் வந்தது, கூடவே பேட்டரி, சீப்பு, ஒற்றைச் செருப்பு, ஒரு முறை கைக்கடிகாரமும் வந்தது. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, அதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, அது எப்படி அங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

தரைத்தளத்தில், தொட்டிக்கு நேர் எதிரே, அவருடைய நாத்தனார் குடியிருந்தாள். கணவரின் ஒரே தங்கை. நல்லவள்தான், புதுக் கார் வாங்கும்வரை. ஒரு விருந்துக்குப் பிழிந்த எலுமிச்சம்பழத் தோலையெல்லாம் ஒரே நாளில் வாளி வாளியாகத் தொட்டியில் கொட்டிவிட்டாள். தொட்டி புளித்து, கேஸ் அடியோடு நின்றுபோயிற்று. டாக்டரம்மா சாம்பலைக் கரைத்துக் கரைத்து ஊற்றிக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவதுபோல் தொட்டியடியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, அதுக்கு என்ன, வயித்துக் கோளாறா?" என்று ஜன்னல் வழியாக விசாரித்தாள் நாத்தனார்.

"ஆமா. கண்டதையும் தின்னா அப்படித்தான் ஆகும்."

தொட்டி பிழைத்துக்கொண்டது. அடுத்த வழக்கு நாற்றம். இந்த வாயு இயல்பிலேயே அழுகிய முட்டை வாடை அடிக்கும். குழாய் இணைப்பில் கடுகளவு கசிந்தாலும் போதும், மொட்டைமாடிவரை போகும். சங்கத் தலைவர், காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீடு மறுக்கும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர், நேரில் வந்து மூக்கைச் சுருக்கிவிட்டுப் போனார். நாற்றம் போகாவிட்டால் தொட்டி போகும் என்றார். துருப்பிடித்த இரும்பின் வழியாக வாயுவைச் செலுத்தினால் வாடையை இரும்பு பிடித்துக்கொள்ளும். டாக்டரம்மா மளிகைக் கடையில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை மூட்டையாக வாங்கினார்.

"வீட்ல எத்தனை பாத்திரம்மா இருக்கு?" என்று கடைக்காரர் வாயைப் பிளந்தார்.

நாரை நனைத்துத் துருவேற்றி, ஓர் அகலக் குழாயில் அடைத்து, வாயு அதன் வழியாக வரும்படி செய்தார். முதல் குழாய் அடைத்துக்கொண்டது. இரண்டாவது ஒழுகியது. தலையால் தண்ணீர் குடித்து மூன்றாவதைச் சரிசெய்தபோது வாடை துளிகூட இல்லை. தலைவர் வந்து முகர்ந்துவிட்டு, மூக்கைச் சுருக்காமல் திரும்பிப் போனார். டாக்டரம்மாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. முனைவர் பட்டம் வாங்கிய நாளில்கூட அப்படி இருந்ததில்லை.

அதன்பிறகு வாட்ச்மேன் அறையில் தினமும் அந்த கேஸில்தான் டீ. வாட்ச்மேன் நடுத்தர வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். "டீ நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். டாக்டரம்மாவுக்குக் கிடைத்த ஆய்வு விமர்சனம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொதுக்குழு. வாட்ச்மேன் அறைக்கு முன்னால் நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, மேஜைமேல் அடுப்பு, சுவரிலிருந்து அடுப்புக்கு ரப்பர் குழாய். வந்திருக்கிற எல்லோருக்கும் இந்த கேஸிலேயே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு ஓட்டுக் கேட்பது என்பது டாக்டரம்மாவின் திட்டம். மேஜை விரிப்பைக் கணவர் போட்டார். நீளமாக இருக்கிறதே என்று டாக்டரம்மாவுக்குத் தோன்றியது. பால் பொங்குவதைப் பார்க்கப் போனதில் மறந்துவிட்டார்.

அடுப்பு அருமையாக எரிந்தது. டீ மணம் பரவியது. எதிர்த்துப் பேசுவதென்று முடிவுகட்டி வந்திருந்தவர்கள்கூட இரண்டாவது கோப்பை கேட்டார்கள். ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர், கார் என்ன கார், தெருவில் நின்றால் கரைந்தா போய்விடும் என்றார். காற்று தன் பக்கம் வீசுவதை டாக்டரம்மா உணர்ந்தார். அந்த நேரம் பார்த்து, கோப்பையை எடுக்க முன்னால் நகர்ந்த நாத்தனாரின் கால் மேஜைக்கு அடியில் எதிலோ இடித்தது. ணங்கென்று ஒரு சத்தம்.

நாத்தனார் குனிந்து விரிப்பைத் தூக்கினாள். உள்ளே கையடக்கமான சிலிண்டர் ஒன்று.

டாக்டரம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தார். கணவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒரு பாதுகாப்புக்குத்தான்..." என்றார் அவர் மெல்லிய குரலில். "ஒருவேளை அணைஞ்சு போச்சுன்னா... உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னு..."

"என்ன மேடம் இது?" என்றார் தலைவர். காலமெல்லாம் காத்திருந்த இழப்பீட்டு மோசடி கடைசியில் கையில் சிக்கிவிட்டது போன்ற கனிவு அவர் குரலில் இருந்தது.

"சார், அது எதோடயும் சேரவே இல்ல. குழாய் எங்க போகுதுன்னு நீங்களே பாருங்க."

"இப்ப சேரல. அஞ்சு நிமிஷம் முன்னாடி சேர்ந்திருந்துதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? சீல் வேற உடைச்சிருக்கே."

சீலை உடைத்ததும் கணவர்தான். வேலை செய்கிறதா என்று முதல் நாளே வீட்டில் பற்றவைத்துச் சரிபார்த்திருந்தார். ஒன்றுக்கு இரண்டு முறை.

சிலிண்டரைத் தூக்கித் தூர வைத்துவிட்டு டாக்டரம்மா மறுபடி அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார். எரிந்தது. சுவருக்குப் பின்னால் இன்னொன்று இருக்கலாமே என்றார் ஒருவர். எல்லோரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், கேஸால் எழும்பி நிற்கும் தொட்டியைக் காட்டினார். காற்றை அடைத்து வைத்திருக்கலாமே என்றார் இன்னொருவர். இரண்டாவது கோப்பை கேட்டவர்கள்தான் இப்போது அதிகம் பேசினார்கள். இவ்வளவு நாளும் வாளி வாளியாகக் கொடுத்த தோலெல்லாம் எங்கேதான் போயிற்று என்று மூன்றாம் மாடி அம்மாள் துக்கம் விசாரிப்பது போலக் கேட்டார்.

தலைவர் தொட்டியருகே குனிந்து மூச்சை நன்றாக இழுத்தார். நிமிர்ந்தார்.

"மேடம், நான் விஞ்ஞானி இல்ல. சாதாரணமா ஒண்ணு கேக்குறேன். இத்தனை வீட்டுக் குப்பை உள்ள அழுகுது, அதுலேர்ந்து கேஸ் வருதுங்கிறீங்க. அப்ப நாறணுமா, நாறக் கூடாதா?"

"நாறக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க!"

"நான் சொன்னேன். அதுக்காக நாறாம இருந்துடுமா?"

கூட்டம் தலையாட்டியது. நாத்தனார் அண்ணனைத் தனியாக இழுத்து, அண்ணிக்கு எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொட்டி வேண்டாம், கார்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தால் டாக்டரம்மா தாங்கியிருப்பார். ஏமாற்றுக்காரி என்று மட்டும் சொல்லக் கூடாது. மைதானம் செய்த காரியத்தைத் தானும் செய்ததாக இந்த மனிதர்கள் வீட்டுக்கு வீடு சொல்லிச் சிரிக்கப்போவதை நினைத்தபோது உடம்பெல்லாம் எரிந்தது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. நிரூபித்துக் காட்டு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், கூரை பற்றி எரிந்தாலும் நிரூபித்துவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்கள். அவர் இரும்பு நார்க் குழாயின் பக்கம் போனார்.

கணவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம். சொன்னாக் கேளு, அதைத் தொடாதே" என்றார்.

"நீங்க பேசாதீங்க" என்றார் டாக்டரம்மா. வாடை எப்படி இருக்கும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. இருந்தும் திருகாணிகளைக் கழற்றினார். குழாயை உருவித் தரையில் வைத்துவிட்டு வால்வைத் திறந்தார்.

அது ஒரு சில நொடிதான். அதற்குள் ஓடியவர்கள் மோதி வாட்ச்மேன் அறை வாசலில் நாற்காலிகள் சரிந்தன. ஐந்தாம் மாடிக்காரர் ஐந்தாம் மாடிக்கே போய்விட்டார். மூன்றாம் மாடி அம்மாள் வாந்தி வருகிறது என்று மதிலைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா மட்டும் வால்வில் கை வைத்தபடி நிமிர்ந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு தேஜஸ் இருந்தது.

"நம்புறீங்களா சார்?"

"நம்புறேன் மேடம், நம்புறேன்" என்றார் தலைவர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"அண்ணி, முழுசா நம்புறேன் அண்ணி! முதல்ல அதை மூடுங்க!" என்று கத்தினாள் நாத்தனார்.

மூடினார். வாடை கொஞ்சம் தணிந்ததும் கூட்டம் மறுபடி கூடியது, இந்தத் தடவை தெருவாசலுக்குப் பக்கத்தில். தலைவர் நியாயம் தெரிந்த மனிதர். முதல் தீர்மானமாக, தொட்டியிலிருந்து வருவது நிஜமான எரிவாயுதான், மேடம்மீது எழுப்பப்பட்ட சந்தேகத்துக்கு இந்தக் கூட்டம் வருத்தம் தெரிவிக்கிறது என்று முன்மொழிந்தார். அத்தனை பேரும் கை தூக்கினார்கள். டாக்டரம்மாவின் ஆராய்ச்சி முடிவு ஒன்றை ஒருவர்கூட மறுக்காமல் ஏற்றுக்கொண்டது அதுவே முதல் முறை.

இரண்டாவது தீர்மானம், இவ்வளவு நாற்றமுள்ள ஒன்றைக் குடியிருப்புக்குள் வைத்திருப்பது ஆரோக்கியத்துக்குக் கேடு என்பதால் தொட்டியை எடுத்துவிட்டு வாகனம் நிறுத்த ஒதுக்குவது. அதற்கும் கைகள் எழுந்தன. எழுந்த வேகத்தைப் பார்த்தால் சிலர் முதல் தீர்மானத்துக்குத் தூக்கிய கையை இறக்கவே இல்லை போலிருந்தது.

"எதிர்ப்பு?" என்றார் தலைவர்.

டாக்டரம்மா கை தூக்கினார். கணவர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்.

"வீட்டுக்கு ஒரு ஓட்டுதான் சார்."

கணவர் கையை இறக்கினார். பின்னால் வாட்ச்மேன் கை தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார்.

"உனக்கு எதுக்குப்பா? உனக்கு ஓட்டு கிடையாது. கையைக் கீழ போடு" என்றார் தலைவர், கோபமில்லாமல்.

எல்லோரும் கலைந்து போனார்கள். நாத்தனார் மட்டும் போகிறபோது அண்ணியின் தோளைத் தொட்டு, "உங்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கச் சொல்றேன் அண்ணி" என்றாள். அவர்களிடம் காரில்லை. டாக்டரம்மா மதில் ஓரம் குந்தி, குழாயை மறுபடி பொருத்தித் திருகாணிகளை முடுக்கத் தொடங்கினார். கணவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாணியாக எடுத்துக் கொடுத்தார்.

"ஏங்க, இத்தனை மாசமா தினம் இங்கதானே டீ குடிக்கிறீங்க. உங்களுக்குக்கூடவா நம்பிக்கை இல்லாமப் போச்சு?"

கணவர் கையிலிருந்த கடைசித் திருகாணியைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். மனிதர் அழுதுவிடுவார் என்று பயந்து டாக்டரம்மா அதை வாங்கிக்கொண்டார். கோபம் அப்படியேதான் இருந்தது.

வாட்ச்மேன் தயங்கித் தயங்கி வந்தார். "இனிமே தோல் குடுக்க வேணாம்னு வீட்டுக்கு வீடு சொல்லிடச் சொன்னாரு தலைவர். தொட்டியை எடுத்துட்டு காரு நிறுத்த எப்படியும் ஒரு மாசம் ஆகுமாம் டாக்டரம்மா."

"ஒரு மாசம் அது என்னத்தைத் தின்னும்?" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கும் வாளியை எடுத்துக்கிட்டுப் போ. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு. போற வரைக்கும் அது பட்டினி கிடக்கக் கூடாது."

வாட்ச்மேன் வாளியைக் கழுவப் போனார்.